விளக்கை அணைக்கவா காசு கொடுத்தேன்?

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. ஆபீசில் ஆணி அதிகம். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வயிற்றெரிச்சல். முழுசாக 8,200 ரூபாய் வயிற்றெரிச்சல். அந்த 8,200-ஐ விடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

2025 செப்டம்பர் கடைசி வாரம். தீபாவளிக்குப் புனேயிலிருந்து கோவில்பட்டிக்குக் காரிலேயே போவது என்று முடிவு. (ரயில் டிக்கெட் கிடைக்காத சோகக்கதை வெளியூரில் குப்பை கொட்டும் உங்களுக்கெல்லாம் மனப்பாடம் என்பதால் தாண்டிப் போகிறேன்.) வண்டி 2014 மாடல், பெட்ரோல், 96,000 கிலோமீட்டர் ஓடியது. ஹிஞ்சவடி சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்தது. அதுதான் செக் இன்ஜின் லைட். 1,400 கிலோமீட்டர் போகவேண்டிய வண்டி, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். தங்கமணி சொன்னபடி மறுநாளே பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். பெயர் வேண்டாம். ஏசி ஹால், இலவச காபி, கையில் டேப்லட்டோடு வெள்ளைச் சட்டைத் தம்பி.

ஸ்கேனரைச் செருகினார்கள். பத்தே நிமிடம். "சென்சர் கயா சார்" என்றார் தம்பி. சென்சர் போய்விட்டதாம். எப்படித் தெரியும் என்றேன். டேப்லட்டைத் திருப்பிக் காட்டினார். பி0131, ஆக்ஸிஜன் சென்சர், வோல்டேஜ் குறைவு, பேங்க் 1 சென்சர் 1. "அதுலயே போட்டிருக்கு பாருங்க சார்" என்கிற மாதிரி ஒரு பார்வை. கூடவே ஒரு உபரித் தகவல்: ஈ20 பெட்ரோல் வந்ததிலிருந்து எல்லா வண்டிக்கும் இதே கதிதானாம். சென்சர் 6,800, கூலியும் வரியும் 1,400. கட்டினேன். விளக்கு அணைந்தது. நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. விளக்கு அணைந்தது புது சென்சரால் இல்லை. ஸ்கேனரில் 'அழி' என்கிற பட்டனை அமுக்கியதால். அந்தப் பட்டனை அமுக்கினால் எந்தக் காரிலும் விளக்கு அணையும். பழுது அப்படியே இருந்தால் கம்ப்யூட்டர் மறுபடி அளந்து, மறுபடி சந்தேகப்பட்டு, திரும்ப எரியவைக்கச் சில நாளோ சில நூறு கிலோமீட்டரோ ஆகும். அதற்குள் பில் கட்டியாகிவிடும்.

என் வண்டியில் அது ஹூப்ளி தாண்டியதும் எரிந்தது. "ஏங்க, அந்த வெளக்கு மறுபடி எரியுது" என்றாள் தங்கமணி, என்னமோ நான்தான் சுவிட்சைப் போட்ட மாதிரி.

நிற்க. அந்த விளக்கு என்னதான் சொல்ல வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது தெரியாததால்தான் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்குப் 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். (எத்தனால் கலந்தால் இந்த எண் இறங்கும். ஈ20-க்குச் சுமார் பதிமூன்றரை.) இந்தக் கணக்கு சரியாக விழுந்தால்தான் சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் விஷவாயுக்களைச் சுத்தம் செய்யும். கணக்கு சரியா என்று பார்க்க, எரிந்து வெளியே வரும் புகையில் மிச்ச ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் ஒரு சின்னப் பொருள்தான் ஆக்ஸிஜன் சென்சர். பாஷ் கம்பெனி செய்து 1976-இல் வோல்வோ காரில் முதன்முதலாக வந்தது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்கிற பீங்கான். 300 டிகிரிக்கு மேல் சூடானால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி. புகையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கம் காட்டும், அதிகமாக இருந்தால் 0.1 பக்கம் இறங்கும். ஓடும் வண்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். (புது வண்டிகள் பலவற்றில் வேறு வகை சென்சர், அங்கே இந்த எண்கள் பொருந்தாது. நம் மாதிரிப் பழைய வண்டிக்காரர்களுக்கு இது போதும்.)

கவனியுங்கள், சென்சருக்குப் பெட்ரோல் தெரியாது. காற்று எந்த வழியாக வந்தது என்றும் தெரியாது. ஆக்ஸிஜன் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது சென்சருக்கு முன்னால், இன்ஜினும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கேஸ்கட்டில் ஒரு பொத்தல் என்று வையுங்கள். புகை வெளியே போகும், அது சரி. ஆனால் வெளிக்காற்று உள்ளேயும் போகும்! இன்ஜின் புகையைச் சீராக ஊதுவதில்லை. விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் சட்டென்று குறையும்போது அந்தப் பொத்தல் வழியே வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. ஐடிலில் நிற்கும்போது இது அதிகம். ரேஸ் ஆக ஆகக் குறையும்.

உள்ளே வந்த அந்தத் திருட்டுக் காற்றை சென்சர் பார்க்கிறது. "ஆக்ஸிஜன் ஏகமாக இருக்கிறதே" என்று வோல்டேஜைக் குறைத்துக் காட்டுகிறது. உண்மையைத்தான் சொல்கிறது பாவம். காரின் கம்ப்யூட்டர் அதை நம்பி, பெட்ரோல் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றுகிறது. அப்படியும் சரியாகவில்லை என்றதும் விளக்கைப் போட்டு பி0131 என்றோ பி0171 என்றோ எழுதி வைக்கிறது. 'சென்சரின் வோல்டேஜ் குறைவாக வருகிறது' என்பதுதான் அது எழுதிய புகார். அதை 'சென்சர் செத்துவிட்டது' என்று படித்தது வெள்ளைச் சட்டைத் தம்பி.

தெருவில் சத்தம் என்று வாட்ச்மேன் போன் செய்தால், வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்துவோமா?

சென்சர் சாகவே சாகாது என்று சொல்ல வரவில்லை. சாகும். வயதாகும், இன்ஜின் ஆயில் எரிந்து சாம்பல் படியும், எவனாவது தப்பான சிலிகான் பசையைத் தடவி வைத்தால் விஷமாகும். உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி அறுந்தால் பி0135 என்று வரும். அங்கே பெரும்பாலும் சென்சரே குற்றவாளி, ஆனாலும் ஃப்யூஸையும் வயரையும் மல்ட்டிமீட்டரால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். என் கோபம் மாற்றினார்கள் என்பதற்கு இல்லை. பார்க்காமல் மாற்றினார்கள் என்பதற்கு.

சரி, யார் பார்த்தார்கள்? ஊரிலிருந்து திரும்பியதும் ஆபீஸ் நண்பர் ஒருவர் போசரியில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார். அறுபது வயதிருக்கும் மராட்டியப் பெரியவர். எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறார்கள். (அங்கே காக்கா என்றால் சித்தப்பா. நம்ம ஊரில் சொன்னால் அடி விழும்.) முந்தைய பில்லைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேனரைச் செருகினார். அதே மாதிரி ஸ்கேனர்தான். ஆனால் அவர் கோடின் பெயரைப் படித்துவிட்டு நிறுத்தவில்லை, ஓடும் எண்களைப் பார்த்தார். ஃப்யூயல் ட்ரிம் என்று ஒன்று உண்டு, வழக்கத்தை விட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்கிற கணக்கு. ஐடிலில் 21 சதவீதம் கூடுதல். 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 7. புது சென்சர் போட்ட பிறகும் இப்படி!

"வண்டியை விட்டுட்டுப் போங்க, காலைல வாங்க. இன்ஜின் சில்லுன்னு இருக்கணும்" என்றார் இந்தியில்.

ஏன் சில்லென்று? மறுநாள் புரிந்தது. பானட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், டைப்ரைட்டர் மாதிரி. மூன்று நான்கு நிமிடத்தில் சத்தம் தேய்ந்து காணாமலே போனது. இரும்பு சூடாகி விரிந்து பொத்தலைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறதாம். சர்வீஸ் சென்டருக்கு நாம் ஓட்டிக்கொண்டு போகும்போது இன்ஜின் சூடாகத்தானே இருக்கும், அங்கே யாருக்குக் கேட்கும்? பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, வேக்குவம் க்ளீனரின் ஊதும் பக்கத்தை சைலன்சர் வாலில் துணி சுற்றிச் செருகி, ஜாயின்ட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்தார். மேனிஃபோல்டின் ஓரத்தில் புசுபுசுவென்று நுரை. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்போமே, அதேதான். அருகில் டார்ச் அடித்துக் காட்டினார், கரிக்கோடு ஒன்று புகை போன தடமாக விழுந்திருந்தது. ஓரத்து ஸ்டட்டில் நட்டு கழன்று கேஸ்கட் தின்றுபோயிருக்கிறது.

கேஸ்கட், ஸ்டட், கூலி எல்லாம் 1,650. 'பார்த்ததற்கு' 500. மொத்தம் 2,150. ட்ரிம் ஐடிலில் 4, மேலே 5. அந்த நாலைந்து ஈ20-யின் பங்கு, அதை விடு என்றார். டவுனில் 11-க்கு இறங்கியிருந்த மைலேஜ் 14-க்கு வந்துவிட்டது. ஈ20 மேல் பழி போட்டுவிட்டுப் போனாரே தம்பி, அவர் ஞாபகம் வந்தது. ஈ20-யால் மைலேஜ் குறைவது உண்மைதான். அதற்காக எல்லாப் பழுதையும் அதன் தலையில் கட்டுவது 2025-இன் புது ஃபேஷன்.

இனி அந்தப் பெரிய விஷயம்.

ஊருக்குப் போகும்போது கம்பாட்கி மலைப்பாதையில் தீபாவளி நெரிசல். ஒன்றரை மணி நேரம் நத்தை வேகம், பாதி நேரம் நின்றபடி. சின்னவள் தலைவலி என்றாள். பிறகு வாந்தி. நாமெல்லாம் என்ன செய்வோம்? எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்வோம், மலைப்பாதை என்றால் அப்படித்தான் என்போம். அதையேதான் செய்தோம். எனக்கும் தலை கனத்தது. தூக்கமில்லை என்று நினைத்தேன். தங்கமணி மட்டும், "ஏதோ புகை வாடை அடிக்குதுங்க" என்றாள். முன்னால் லாரி போகிறது என்றேன்.

அந்தப் பொத்தல் எங்கே இருந்தது? கன்வர்ட்டருக்கு முன்னால். அதாவது சுத்தம் செய்யப்படாத பச்சைப் புகை, பானட்டுக்குள். கூடவே கம்ப்யூட்டர் ஏமாந்துபோய்ப் பெட்ரோலை அதிகம் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அதிகப் பெட்ரோல், பற்றாக்குறைக் காற்று என்றால் அதிகக் கார்பன் மோனாக்சைடு. ஒரே பொத்தல் விஷத்தைக் கூட்டவும் செய்கிறது, அது வெளியேற வாசலும் வைக்கிறது. காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது தெரியுமா? முன் கண்ணாடியின் அடியில், பானட்டின் பின் விளிம்பை ஒட்டி. வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நெரிசலில் நிற்கும்போது?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம். காரில் போகும் எந்தக் குழந்தைக்கும் வரும் அதே தொல்லைகள், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அன்று சின்னவளுக்கு வந்தது இதுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மலைப்பாதையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 1,400 கிலோமீட்டரும், திரும்பி வந்த 1,400 கிலோமீட்டரும், என் இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பொத்தலுக்குப் பின்னால் உட்காரவைத்து, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். கையில் 'பழுது சரிசெய்யப்பட்டது' என்று ஒரு பில். இதை நினைத்தால் 8,200 ரூபாய் மறந்தே போகிறது.

வெறும் பணம் என்றால் ஏமாந்தோம் என்று போய்விடலாம். இது பிள்ளைகளின் மூச்சு. சோதிக்காமல் 'சரியாகிவிட்டது' என்று எழுதிக் கொடுப்பவன் என்ன எழுதுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சரி, அரசாங்கம் என்று ஒன்று புகைச் சான்று கேட்கிறதே, பியூசி, அது பிடித்திருக்கவேண்டாமா? ஊருக்குக் கிளம்புமுன் அதையும் எடுத்தேன், விளக்கு முதலில் எரிந்த அதே வாரத்தில். பாஸ்! சான்று இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், ஆனால் சான்று கொடுத்தவர் டேஷ்போர்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் குழாய் விட்டு அளப்பது வால் முனையில். என் பொத்தல் இருப்பது தலையில். நடுவே கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வாலில் சுத்தமாகத்தான் இருக்கும். 2013-இலிருந்து விற்ற கார்களில் இவ்வளவையும் கண்காணித்து எழுதிவைக்கும் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், அதில் எழுதியிருப்பதைச் சான்று கொடுக்கும் இடத்தில் யாரும் படிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல.

இதுவரை மற்றவர்களைத் திட்டினேன். இனி நம் முறை, என்னையும் சேர்த்து.

காக்கா 'பார்த்ததற்கு 500' என்றபோது என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "சும்மா பார்த்ததுக்கா?" நல்லவேளை, இந்தி சட்டென்று வராததால் வெளியே வரவில்லை. 6,800 ரூபாய்ப் பொருளுக்குக் கேள்வி கேட்காமல் கார்டைத் தேய்த்தவன் நான். இரண்டு நாள் மூளையைச் செலவழித்தவருக்கு 500 கொடுக்க வலிக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு டப்பா இருந்தால்தான் காசு கொடுப்போம். அப்படியென்றால் சர்வீஸ் சென்டர் எதை விற்கும்? டப்பாவைத்தான் விற்கும். 'ஸ்கேன் இலவசம்' என்று போர்டு போடுவதன் அர்த்தமே அதுதான், தூண்டிலில் புழு இலவசம் என்கிற மாதிரி.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். ஊரில் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி இருப்பார், "ஏல, அதெல்லாம் மாத்த வேண்டாம்ல" என்று ஒரு வார்த்தை சொல்வார். இங்கே மொழி அரைகுறை, எதிர்த்துக் கேட்கக் கூச்சம், லீவு இல்லை, ஏசி ஹாலும் இங்கிலீஷ் பேசும் தம்பியும் இருந்தால் நிம்மதி. வண்டியைத் தொடுகிறவர் ஒருவர், நம்மோடு பேசுகிறவர் வேறொருவர் என்பதைக் கூட நாம் கவனிப்பதில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் 'அனுமதி இல்லை' என்பார்கள். கேளுங்கள். ஐடிலிலும் 2,500-இலும் ட்ரிம் எவ்வளவு, காட்டு என்று கேளுங்கள். இரவு நிறுத்தி வைத்துக் காலையில் கசிவு பார்த்தாயா என்று கேளுங்கள். என்ன சோதனை செய்தாய் என்று ஜாப் கார்டில் எழுது, அதற்குத் தனியாகக் காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். குர்காவ்ன் நண்பர் ஒருவருக்கு இதே மாதிரி பி0420 வந்து, கன்வர்ட்டரையே மாற்றவேண்டும் என்று நாற்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். பின்பக்க சென்சருக்கு முன்னால் வெல்டிங் விட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதுவரை, காருக்குள் புகை வாடையோ, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியோ வந்தால், எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் கண்ணாடி நான்கையும் இறக்கி, ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே இறக்குங்கள்.

கடைசியாக அந்தப் பழைய சென்சர். மாற்றிய பொருளைத் திருப்பிக் கொடு என்று வாங்கி வைத்திருந்தேன் (அதற்கும் தம்பி முகம் சுளித்தார்). காக்காவிடம் காட்டினேன். வைஸில் பிடித்து, வயரில் மல்ட்டிமீட்டரை மாட்டி, முனையில் கேஸ் டார்ச்சைக் காட்டினார். சிவக்கச் சூடாக ஆக 0.2, 0.5, 0.8, 0.86. நெருப்பை விலக்கியதும் சட்டென்று 0.1. மறுபடி காட்டினார், மறுபடி 0.86. ஐந்தாறு முறை செய்தார், அலுக்காமல் ஏறி இறங்கியது. ஆறியதும் ஒரு பழைய மராட்டிப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். இப்போது க்ளவ் பாக்ஸில், பாஸான பியூசி சான்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.